மூன்று நிலத்து மண்ணை ஒரே பையில் போட்டால்: கரும்புக்கு நிலம் பார்ப்பது எப்படி?

கேள்வி: கடலூர் வட்டத்தில், கெடிலத்தின் தென்கரையில், கேப்பர் மலைச் சரிவை ஒட்டி எனக்கு நாலரை ஏக்கர் இருக்கிறது. மேலே இரண்டு ஏக்கர் செம்மண் கொல்லை, முன்பு முந்திரி நின்றது. நடுவில் ஒன்றரை ஏக்கர் களிமண் நஞ்சை. ஆற்றை ஒட்டி ஒரு ஏக்கர் படுகை, அதில் வெள்ளம் மணலை ஏற்றிவிட்டது. நெல் நடவுக்கு ஆள் கிடைப்பதில்லை. ஆலையில் பதிவு செய்து நாலரையிலும் கரும்பு போடலாம் என்றிருக்கிறேன். மூன்று இடத்திலும் மண் எடுத்துக் கலந்து பரிசோதனைக்குக் கொடுத்தேன். பி.எச். (அமில, கார நிலை) 8.3, இ.சி. (உப்பின் அளவு) 0.7, கரிமச் சத்து 0.38 என்று வந்தது, கரும்புக்கு ஏற்றது என்றார்கள். போர் தண்ணீரில் இ.சி. 1.6, ஆர்.எஸ்.சி. (கால்சியம், மக்னீசியத்துக்கு மிஞ்சிய கார்பனேட்) 3.1. ஆனால் பக்கத்து நஞ்சைக்காரர் கரும்பு வைத்து, முதல் வருஷம் நன்றாக வந்து, கட்டைக் கரும்பில் (வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி துளிர்ப்பது) எல்லாம் போய் அழித்துவிட்டார். அதனால் தயக்கமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: அன்பருக்கு வணக்கம். உங்கள் தயக்கம் சரியானது. உங்கள் கையில் இருக்கும் மண் பரிசோதனை அட்டை உங்கள் மூன்று நிலங்களில் எதையும் பற்றியது அல்ல. செம்மண் கொல்லையின் பி.எச். 6-ஐ ஒட்டி இருக்கலாம், நஞ்சையில் 9-ஐத் தொடலாம். இரண்டையும் படுகை மண்ணோடு சேர்த்துப் பிசைந்து கொடுத்தால் நடுவில் ஒரு எண் வரத்தான் செய்யும். அந்த எண்ணில் பயிர் வைக்க உங்களிடம் ஒரு சென்ட் கூடக் கிடையாது.

இன்னொன்று, அந்த அட்டை உரக்கணக்குக்காக ஏற்பட்டது. தழை, மணி, சாம்பல் சத்து குறைந்தால் மூட்டையில் வாங்கிப் போட்டுச் சரிக்கட்டலாம். மண்ணின் ஆழம், வடிகால், தண்ணீரின் குணம் இந்த மூன்றையும் எந்தக் கடையிலும் வாங்க முடியாது. நெல் நான்கு மாதத்தில் போய்விடும், தப்பு நடந்தாலும் அடுத்த பட்டத்தில் மாற்றிக்கொள்ளலாம். கரும்பு ஒரு நடவும் இரண்டு கட்டையுமாக மூன்று வருஷம் அதே குழியில் நிற்கும். ஆகவே கரும்புக்கு நிலம் பார்ப்பவர் மேல்மண்ணைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. மூன்றடி கீழே போக வேண்டும்.

முதல் வேலை குழி. கொல்லையில் ஒன்று, படுகையில் ஒன்று, நஞ்சையில் இரண்டு (ஒன்று மடைவாயில், ஒன்று கடைமடையில்). நீளம், அகலம், ஆழம் மூன்றும் மூன்றடி. நல்ல காலம் தையும் மாசியும். பருவமழை நின்று, ஈரம் இருந்தும் தண்ணீர் ஊறாமல் இருக்கும். ஜேசிபி வைத்துத் தோண்டினால் சுவர் மழுங்கிவிடும், ஒன்றும் தெரியாது. மண்வெட்டியால் தோண்டி, வெயில் படும் பக்கத்துச் சுவரைக் கத்தியால் செதுக்கிப் புதுமுகம் காட்டுங்கள். மேலிருந்து கீழாக அந்தக் கத்தியையே குத்திக்கொண்டு வாருங்கள். நஞ்சையில் அரை அடிக்குக் கீழே ஓரிடத்தில் கத்தி சட்டென்று இறங்க மறுக்கும். ஏரும் டிராக்டரும் சேற்றில் ஓடி ஓடி இறுக்கிய தட்டு அது. பழைய நெல் வேர் அந்த இடத்தில் வளைந்து படுத்திருப்பது கண்ணுக்கே தெரியும். கரும்பு வேரும் அங்கேதான் படுக்கும். படுத்த வேருள்ள கரும்பு, தை மாதம் வெட்டுக்கு முன்னால் கார்த்திகைப் புயலிலேயே தானும் படுத்துவிடும்.

தட்டு இருக்கிறது என்பதற்காகப் பயப்பட வேண்டாம், அதை உடைக்கலாம். உளிக் கலப்பையை ஒன்றரை அடி இடைவெளியில் நெடுக்கிலும் குறுக்கிலும் ஓட்டி, ஒன்றரை அடி ஆழம் வரை கீற வேண்டும். ஆனால் மண் காய்ந்திருக்கும்போது ஓட்டினால்தான் தட்டு நொறுங்கும். ஈரத்தில் ஓட்டினால் வெண்ணெயில் கத்தி போன மாதிரி ஒரு கோடு விழும், அவ்வளவுதான். டீசலுக்குக் கொடுத்த பணம் வீண்.

தட்டைத் தாண்டிக் கீழே நிறத்தைப் பாருங்கள். வேர் போன ஓட்டைகளின் ஓரமாகத் துரு மாதிரி செம்பழுப்புக் கீற்றுகள் தெரிந்தால், தண்ணீர் அங்கே வந்து வந்து போகிறது என்று பொருள். அதற்கும் கீழே சாம்பல் அல்லது நீலச் சாயல் ஓடினால், அந்த மட்டம் மாதக்கணக்கில் காற்றில்லாமல் நீரில் ஊறுகிறது. சாம்பல் நிறம் எந்த ஆழத்தில் தொடங்குகிறதோ அதை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மூன்றடிக்குள் அது தென்படவே இல்லையென்றால் கவலையில்லை. இரண்டடிக்கு மேலேயே தொடங்கிவிட்டால், வடிகால் வெட்டாமல் அந்த நிலத்தில் கரும்பு வைக்கக் கூடாது. மழைக்காலத்தில் நீர் எங்கே நிற்கும் என்பதை மண் தானே எழுதி வைத்திருக்கிறது. கோடையில் நிலம் விற்க வருகிறவர் 'இங்கே தண்ணீரே நிற்காது' என்று சொல்வதைவிட இது நம்பகமான சாட்சி.

குழியின் சுவரில் வெள்ளைக் கட்டிகளாகச் சுக்கான் தென்பட்டால், அதன்மேல் சில சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு. அப்படிப்பட்ட மண்ணில் கரும்பின் இளம் இலை நரம்பு பச்சையாகவும் இடைவெளி வெளுப்பாகவும் கோடு கோடாக வரும். அது இரும்புச் சத்துக் குறை. பெரஸ் சல்பேட் என்ற இரும்பு உரத்தை மண்ணில் கொட்டினாலும் சுண்ணாம்பு அதைக் கட்டிப் போட்டுவிடும், இலைவழிதான் கொடுக்க வேண்டியிருக்கும்.

கடைசியாக, குழியின் அடியில் இன்னும் ஓரடி ஆழத்துக்குச் சின்னக் குழி பறித்து மாலையில் தண்ணீர் நிரப்பி ஊறவிடுங்கள். காலையில் மறுபடி நிரப்பி, ஒரு குச்சியில் அடையாளம் போட்டு ஒரு மணி நேரம் பாருங்கள். அரை செ.மீ. கூட இறங்கவில்லையென்றால் அடிமண் வடிக்காது. பன்னிரண்டு செ.மீ.க்கு மேல் இறங்கினால் அது மணல், தண்ணீரும் உரமும் தங்காது. இடைப்பட்டது எல்லாமே கரும்புக்குச் சரி.

இனி உங்கள் நஞ்சை. பக்கத்து நிலத்துக் கதையை வைத்துப் பார்த்தால் அங்கே களர் இருக்கும் என்பது என் சந்தேகம். உவரையும் களரையும் பலர் ஒன்றாகவே பேசுகிறார்கள். உவர் என்றால் உப்பு. வெள்ளையாகப் பூக்கும், நல்ல தண்ணீர் விட்டு வடித்தால் போய்விடும். களர் என்றால் களிமண்ணில் சோடியம் ஒட்டிக்கொண்டது. காய்ந்தால் கல், நனைந்தால் பசை. அதை வெறும் தண்ணீரால் கழுவினால் போகாது, இன்னும் இறுகும்.

வீட்டிலேயே இதைக் கண்டுபிடிக்கலாம். குழியில் ஓரடி ஆழத்திலிருந்து ஒரு கட்டியும் இரண்டடியிலிருந்து ஒரு கட்டியும் எடுத்து நிழலில் காயவையுங்கள். மொச்சைக் கொட்டை அளவுக்கு உடைத்து, இரண்டு கண்ணாடி டம்ளரில் பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீரை விட்டு, கட்டியை மெதுவாக உள்ளே வையுங்கள். ஆட்டக் கூடாது, கலக்கக் கூடாது. கட்டி உதிர்ந்து தூளாகிக் கீழே கிடந்தாலும் சுற்றியுள்ள தண்ணீர் தெளிவாக இருந்தால் அது களர் அல்ல. பத்து நிமிஷத்திலேயே கட்டியைச் சுற்றி மோர் ஊற்றியது போல ஒரு கலங்கல் படர்ந்து, இரண்டு மணி நேரத்தில் டம்ளரின் அடியெல்லாம் பரவினால் அது களர்தான். சோடியம் ஒட்டிய களித்துகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தனித்தனியாக மிதக்கிறது. நிலத்தில் இதே துகள்தான் மண்ணின் துளைகளை அடைத்துக்கொண்டு தண்ணீரையும் காற்றையும் நிறுத்துகிறது.

இந்தச் சோதனைக்கு உங்கள் போர் தண்ணீரைப் பயன்படுத்தாதீர்கள். அதிலுள்ள உப்பே களித்துகள்களைச் சேர்த்துப் பிடித்துவைக்கும், கலங்கல் தெரியாது. நிலத்திலும் இதே ஏமாற்றுதான் நடக்கிறது. கோடை முழுக்கப் போர் தண்ணீர் பாய்கிறவரை மண் ஒழுங்காக உறிஞ்சுவது போலிருக்கும். ஐப்பசியில் உப்பில்லாத மழைநீர் விழுந்ததும் மேலே சகதியாகி, அடுத்த வாரம் பாளமாக இறுகும். பக்கத்து நிலத்தில் முதல் வருஷம் வந்த கரும்பு கட்டையில் போனதற்கு இது ஒரு காரணமாக இருக்கக்கூடும். நடவுக்கு ஆழ உழுததில் முதல் பயிர் பிழைத்துக்கொண்டது. கட்டைக்கு உழவு கிடையாது, மழை இறுக்கிய மண்ணிலேயே புதுவேர் விட வேண்டும்.

இன்னொரு காரணமும் இருக்கலாம், அதைப் பார்க்காமல் விட்டால் மோசம். அவர் நிலத்தில் மிச்சம் ஏதாவது கரும்பு நின்றால் நெடுக்கே பிளந்து பாருங்கள். உள்ளே சிவந்து, சிவப்புக்கு நடுவில் குறுக்காக வெள்ளைத் திட்டுகள் இருந்து, புளித்த சாராய வாடை அடித்தால் அது செவ்வழுகல். நீர் தேங்கும் நிலத்தில் கடுமையாகும், பாய்ச்சும் நீரோடும் நகரும், களருக்குப் போடும் ஜிப்சத்தால் (கால்சியம் உள்ள கனிமம்) தீராது. அங்கிருந்து விதைக்கரணை (நடுவதற்கான கரும்புத் துண்டு) வாங்கக் கூடாது. அவர் வயல் கழிவுநீர் உங்கள் வயல் வழியாகப் போனால் வரப்பை உயர்த்தித் திருப்பி விடுங்கள்.

இ.சி. பற்றி ஒரு வார்த்தை. மண்ணின் இ.சி. 1.7-ஐ (அலகு: மீட்டருக்கு டெசிசீமன்) தாண்டினால் கரும்பு மகசூல் இறங்கத் தொடங்கும், அதற்கு மேல் ஒவ்வொரு அலகுக்கும் சுமார் 6 சதவீதம் போகும் என்பது உலகெங்கும் பயன்படும் கணக்கு. 'என்னுடையது 0.7 தானே' என்று நினைக்காதீர்கள். அந்த 1.7, மண்ணைக் குழம்பாகப் பிசைந்து பிழிந்த சாற்றில் அளப்பது. நம் ஊர் ஆய்வகங்கள் ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு பங்கோ அதற்குச் சற்று மேலோ தண்ணீர் விட்டு அளக்கின்றன. தண்ணீர் கூடினால் எண் குறையும். களிமண்ணில் அதை இரண்டு மூன்று மடங்காக்கியும் மணல் மண்ணில் அதற்கும் மேலாகவும் எண்ணிப் பார்க்க வேண்டும். உங்கள் 0.7 அந்த வகையில் எல்லைக்கோட்டில் நிற்கிறது, அதுவும் கலவை மண்ணில். உப்பு ஏறிய நிலத்துக் கரும்பில் எடை இருந்தாலும் சாற்றில் உப்பு கலக்கும். வெல்லம் காய்ச்சினால் நிறம் கறுத்து, மழைக்காலத்தில் கசியும்.

தண்ணீருக்கு வருவோம், உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் உறுத்தியது அதுதான். இ.சி. 1.6 தொல்லைதான், ஆனால் தாங்கும். 1.1 வரை முழு விளைச்சலும் 2.2 ஆனால் 90 சதவீதமும் எதிர்பார்க்கலாம். ஆர்.எஸ்.சி. 3.1 தான் கெடுதல். 1.25-க்குக் கீழ் நல்லது, 2.5-க்கு மேல் பாசனத்துக்கு ஆகாது என்பது வழக்கமான வரம்பு. அந்தத் தண்ணீரில் உள்ள கார்பனேட்டும் பைகார்பனேட்டும் மண்ணிலிருக்கும் கால்சியத்தைச் சுண்ணாம்பாக உறைய வைத்துவிடும், மிஞ்சிய சோடியம் களியில் போய் ஒட்டிக்கொள்ளும். நஞ்சையில் இன்று களர் இல்லாவிட்டாலும் இந்தத் தண்ணீர் மூன்று வருஷத்தில் உண்டாக்கிவிடும்.

மருந்து ஜிப்சம்தான். ஏக்கருக்கு 5 செ.மீ. உயரம் பாய்ச்சினால் ஏறக்குறைய இரண்டு லட்சம் லிட்டர். அதில் ஆர்.எஸ்.சி.யை ஒரு அலகு குறைக்கச் சுத்தமான ஜிப்சம் 17.4 கிலோ வேண்டும். 3.1-ஐ 1.25-க்குக் கொண்டுவர 1.85 அலகு, அதாவது ஒரு பாய்ச்சலுக்கு 32 கிலோ. கடை ஜிப்சம் 80 சதவீதச் சுத்தமென்றால் 40 கிலோ. ஓடும் வாய்க்காலில் அள்ளி வீசினால் கரையாமல் மடையில் படியும். தண்ணீர் விழும் தொட்டியில் சாக்கில் கட்டிப் போட்டு, தண்ணீர் அதன் ஊடாகப் போகும்படி செய்ய வேண்டும். சொட்டுநீருக்கு இந்த வழி கூடாது, குழாய் அடைத்துக்கொள்ளும். அங்கே ஜிப்சத்தை மண்ணில் தூவிவிட்டு, பைகார்பனேட் படிவுக்கு அவ்வப்போது குழாயில் அமிலம் ஓட்டிக் கழுவ வேண்டும்.

அளவும் முக்கியம். சித்திரை வைகாசியில் வளர்ந்த கரும்பு ஒரு நாளைக்கு ஆறு ஏழு மி.மீ. குடிக்கும். ஏக்கருக்கு அது 26,000 லிட்டர், வாய்க்கால் பாசனத்தில் சேதாரம் சேர்த்து 40,000. உங்கள் போர் எவ்வளவு தருகிறது என்பதை மே மாதத்தில், மூன்று மணி நேரம் ஓடிய பிறகு, 200 லிட்டர் டிரம்மைப் பிடித்து அளங்கள். 40 விநாடியில் நிரம்பினால் மணிக்கு 18,000 லிட்டர். ஆறு மணி நேர மின்சாரத்தில் 1,08,000. அது வாய்க்காலுக்கு இரண்டே முக்கால் ஏக்கருக்குத்தான் காணும், சொட்டுநீருக்கு மூன்றரைக்கு மேல் போகும். நாலரை ஏக்கருக்கும் எட்டாது. மார்கழியில் அளந்தால் எல்லாப் போரும் கங்கைதான்.

இப்போது நிலம் நிலமாக என் அபிப்பிராயம்.

செம்மண் கொல்லைக்குச் சரி சொல்வேன், குழியில் சரளைக்கல் தட்டு இரண்டரை அடிக்கு மேலே வராவிட்டால். முந்திரிக்கு அந்தத் தட்டு ஒரு பொருட்டில்லை, கரும்புக்கு உண்டு. உங்கள் போர் தண்ணீரை நஞ்சையைவிட இந்த மண் நன்றாகத் தாங்கும். களி குறைவு, வருஷத்தில் 1,200 மி.மீ.க்கு மேல் விழும் நம் மழையில் சோடியம் கழுவிக்கொண்டு போகும். ஆனால் சொட்டுநீர் இல்லாமல் இங்கே வைக்காதீர்கள். ஐந்தடி இடைவெளியில் பார், இரண்டடிக்கு ஒரு நாற்று என்றால் ஏக்கருக்கு 4,350 நாற்று. முந்திரிக் கட்டைகளை வேரோடு எடுக்காவிட்டால் கரையான் குடியேறி உங்கள் நாற்றுக்கு வரும். மணற்பாங்கான காய்ச்சல் மண்ணில் இளங்குருத்துப் புழு அதிகம். நட்ட ஒரு மாதத்தில் லேசாக மண் அணைத்து, சோகையை (காய்ந்த கரும்பு இலை) பார்களுக்கு நடுவில் பரப்புங்கள். சர்க்கரை ஆலைக் கழிவான பிரஸ்மட் மக்கியதாகக் கிடைத்தால் முதலில் இங்கே கொட்டுங்கள்.

படுகைதான் உங்கள் நல்ல நிலம், மணலைக் கணக்கெடுத்த பிறகு. பத்து இடத்தில் கடப்பாரை குத்தி ஆழம் பாருங்கள். அரை அடிக்குள் இருந்தால் ஆழ உழுது கீழ் வண்டலோடு கலக்கலாம். ஓரடிக்கு மேல் என்றால் வழித்துத்தான் ஆக வேண்டும். பட்டா நிலமே ஆனாலும் மணலை வெளியே ஏற்ற அனுமதி தேவை, டிராக்டர் வருவதற்கு முன் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். இங்கே மார்கழி, தை நடவைத் தவிர வேறு பட்டம் வேண்டாம். ஐப்பசி வெள்ளம் வரும்போது கரும்பு ஆள் உயரத்தைத் தாண்டியிருக்க வேண்டும். ஓடுகிற வெள்ளத்தில் சில நாள் அடி நனைந்து நின்றால் கரும்பு பிழைக்கும், குருத்துக்குள் சேறு இறங்கினால் பிழைக்காது. ஏழாம் மாதத்தில் சோகையை உரித்து முறுக்கி இரண்டு வரிசையைச் சேர்த்துக் கட்டிவிடுங்கள். 2011 டிசம்பரில் ‘தானே’ புயல் கரையேறிய கடற்கரை இது, கட்டாத கரும்பைக் காற்று விட்டுவைக்காது.

நஞ்சையில் இந்த வருஷம் கரும்பு வேண்டாம். டம்ளர் சோதனையில் கலங்கல் வந்தால், ஆய்வகத்தில் 'ஜிப்சம் தேவை' என்று தனியாகக் கேட்டு, சொன்ன அளவில் பாதியை ஆவணியில் மேல் அரை அடியில் கலந்து, ஐப்பசி மழைநீரைக் கால்முழம் தேக்கி, மறுநாள் வடித்து, மறுபடி தேக்குங்கள். வடிய வழி இல்லாமல் ஜிப்சம் போட்டால் கழன்ற சோடியம் எங்கே போகும்? அதனால் கடைமடையில் மூன்றடி வடிகால் முதலில். பிறகு பசுந்தாள் பயிரான தக்கைப்பூண்டு ஏக்கருக்கு 20 கிலோ விதைத்துப் பூக்கும்போது மடக்கி உழுது, ஒரு போகம் நெல். நடவுக்கு ஆள் பிரச்சினை என்றால் நேரடி விதைப்பு போதும். அடுத்த தையில் அதே இடத்தில் மறுபடி குழி, மறுபடி டம்ளர். இன்னொன்றையும் யோசியுங்கள்: ஆலையின் வெட்டு ஆணை தையில் வந்தால் அந்தச் சேற்றில் லாரி இறங்குமா? வெட்டிய கரும்பு ஒரு நாளைத் தாண்டிக் கிடந்தால் எடையும் போகும், சர்க்கரையும் போகும்.

மண்ணை மறுபடி கொடுக்கும்போது மூன்று பை, மூன்று பெயர். ஒவ்வொரு நிலத்திலும் வளைந்து வளைந்து நடந்து பத்துப் பதினைந்து இடத்தில், வரப்பு, எருக்குழி, மரநிழல் தவிர்த்து, ஆங்கில 'வி' போலக் குழி வெட்டி, 22 செ.மீ. ஆழம் வரை சுவரோரமாகச் சீவி எடுத்துக் கலந்து, நான்கு பங்காக்கி எதிரெதிர்ப் பங்கைத் தள்ளித் தள்ளி அரை கிலோவுக்குக் கொண்டுவாருங்கள். துத்தநாகமும் இரும்பும் பார்க்கச் சொல்வதானால் இரும்பு மண்வெட்டி பட்ட முகத்தை மூங்கில் பத்தையால் சுரண்டிவிட்டு எடுங்கள். நஞ்சைக்கு மட்டும் ஓரடி, இரண்டடி மண்ணைத் தனித்தனிப் பையில் சேர்த்துக் கொடுங்கள்.

ஆலையில் பதிவு கேட்டு வந்தால் இப்போதைக்கு மூன்று ஏக்கர் என்று சொல்லுங்கள், அதுவும் டிரம் கணக்கு ஒத்துவந்தால். குழிகளைப் பார்த்து முடிக்கும்வரை சுற்றிலும் முள் போட்டு வையுங்கள், ஆடு மாடு விழும். மூடும்போது அடிமண் அடியில், மேல்மண் கடைசியில்.